எந்தத் துண்டு எங்கே?

நன்றாகத் தைக்கத் தெரிந்தவர்கள் வந்திருக்கிறீர்கள். ஊசியில் நூல் கோக்கவே பொறுமை இல்லாதவர்களும் வந்திருக்கிறீர்கள். போர்வையைப் பற்றிப் பேச அப்படி என்ன இருக்கிறது என்று வேடிக்கை பார்க்க வந்தவர்களும் பின்வரிசையில் இருப்பதாகத் தெரிகிறது.

இன்றைய பொருள் ஒட்டுத்துணிப் போர்வை. குவில்ட் என்று கடைகளில் விற்கிறார்களே, அதுதான். சிறு சிறு துண்டுகளை இணைத்து மேல்துணி ஆக்கி, நடுவில் பஞ்சோ பழந்துணியோ வைத்து, அடித்துணியோடு சேர்த்து ஓட்டுத்தையல் போட்டு முடிப்பது. அதன் தையல் முறையைப் பற்றியோ பஞ்சைப் பற்றியோ இங்கே பேச்சில்லை. ஒரே ஒரு கேள்விதான். கையில் துண்டுகள் இருக்கின்றன; எந்த நிறத்தை எங்கே வைப்பது?

எளிய கேள்வி போலத் தோன்றும். அழகான நிறங்களாகப் பொறுக்கினால் போதாதா? போதாது. கடையில் ஒவ்வொன்றாகப் பார்க்கும்போது மனத்தை அள்ளிய இருபது துணிகள், தைத்து முடித்ததும் ஒரே மந்தையாகக் கலங்கிப் போவதைத் தைப்பவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். துணியில் குறை இல்லை. தையலில் குறை இல்லை. பிறகு எங்கே குறை? இடத்தில்.

இதற்கு அமெரிக்காவிலிருந்து ஓர் உதாரணம். ‘மரக்கட்டை வீடு’ என்று பெயர் பெற்ற ஒரு பழைய கட்டம் உண்டு. ஆபிரகாம் லிங்கன் அதிபராக இருந்த 1860களில் வேகமாகப் பரவியது. நடுவில் ஒரு சிறு சதுரம். அதைச் சுற்றி ஒன்றன்பின் ஒன்றாகப் பட்டைகள், மரக்கட்டைகளை அடுக்கிச் சுவர் எழுப்புவதுபோல. நடுச் சதுரம் சிவப்பாக இருந்தால் அதை வீட்டின் அடுப்பு என்பார்கள். சூட்சுமம் பட்டைகளில் இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு பக்கங்களில் வருபவை எல்லாம் வெளிர் நிறம். எதிரே உள்ள இரண்டு பக்கங்களில் வருபவை எல்லாம் அடர் நிறம். ஆக, ஒவ்வொரு கட்டமும் மூலைக்கு மூலை கோடு கிழித்ததுபோல், பாதி பகலும் பாதி இரவுமாக இரண்டாகப் பிரிந்து நிற்கும்.

இப்போது அந்தக் கட்டங்களைத் தரையில் பரப்புங்கள். அடர் பாதிகள் எல்லாம் ஒரே திசை பார்த்தால் போர்வை முழுக்கச் சாய்ந்த கோடுகள் ஓடும். அதற்கு ‘நேர் உழவுசால்’ என்று பெயர். மையத்தை நோக்கித் திருப்பி வைத்தால் வைரத்துக்குள் வைரமாக விரியும். அது ‘களஞ்சியம் எழுப்புதல்’. மாற்றி மாற்றித் திருப்பினால் வளைந்து நெளிந்து ‘மின்னல் கீற்று’. துணி மாறவில்லை. தையல் மாறவில்லை. கட்டத்தின் அளவு மாறவில்லை. திருப்பி வைத்தது ஒன்றுதான் மாறியது. நான்குக்கு நான்கு என்று பதினாறே கட்டங்கள், ஒவ்வொன்றையும் நான்கு விதமாகத் திருப்பலாம் என்று கணக்குப் போட்டால் 429 கோடிக்கு மேற்பட்ட அமைப்புகள் வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை குப்பைதான், அது வேறு விஷயம். மிச்சமிருப்பவற்றைத் தேடிப் பிடிப்பதுதான் வடிவமைப்பவரின் வேலை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உழவுசால் தெரிவதற்குச் சிவப்பு வேண்டுமா, நீலம் வேண்டுமா? எதுவும் வேண்டாம். வெளிர் பாதியில் மஞ்சள், இளஞ்சிவப்பு, சந்தனம் என்று எது வேண்டுமானாலும் வரட்டும். அடர் பாதியில் அரக்கு, கருநீலம், கரும்பச்சை என்று எது வேண்டுமானாலும் வரட்டும். கோடு ஓடும். நிறத்தின் பெயர் அதைத் தீர்மானிப்பதில்லை. அந்த நிறம் எவ்வளவு வெளிர், எவ்வளவு அடர் என்பதே தீர்மானிக்கிறது. அழகழகாக வாங்கிய இருபது துணிகள் மந்தையாகிப் போனதன் காரணம் இதுதான். எல்லாமே நடுத்தர அடர்த்தி. பச்சை நடுத்தரம், ஆரஞ்சு நடுத்தரம், ஊதா நடுத்தரம். நிறங்கள் சண்டை போடுகின்றன. வடிவம் எழவே இல்லை.

இது போர்வைக்காரர்கள் மட்டும் கண்டுபிடித்ததா? கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேய் நகரத்தில், ஃபான் மாளிகை என்று அழைக்கப்படும் வீட்டில், ஒரு தளம் இருக்கிறது. வெளிர், நடுத்தரம், அடர் என மூன்று வகைக் கற்களைச் சாய்சதுரங்களாக அறுத்துப் பதித்திருக்கிறார்கள். தட்டையான தரைதான். ஆனால் பார்ப்பவர் கண்ணுக்குக் கனசதுரப் பெட்டிகள் அடுக்கி வைத்ததுபோல் புடைத்துத் தெரியும். அதே அமைப்பைத் துணியில் தைத்து ‘உருளும் பெட்டிகள்’ என்கிறார்கள். மூன்று சாய்சதுரங்கள் ஒரு புள்ளியில் கூடுகின்றன. மேலே வெளிர், ஒரு பக்கம் நடுத்தரம், மறுபக்கம் அடர். இந்த வரிசையைப் போர்வை முழுக்கக் காப்பாற்றினால் எல்லாப் பெட்டிகள் மேலும் ஒரே திசையிலிருந்து வெயில் விழுவதுபோல் இருக்கும். ஓரிடத்தில் வெளிரும் அடரும் இடம் மாறிவிட்டால் போதும், அந்தப் பெட்டி மட்டும் கவிழ்ந்துவிடும். நூறு பெட்டிகளுக்கு நடுவிலும் கண் நேராக அங்கேதான் போய் நிற்கும்.

சரி, ஒரு துணி எவ்வளவு அடர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கண்ணைப் பாதி மூடிப் பார்ப்பது பழைய வழி. நிறம் மங்கி, வெளிச்சமும் இருட்டும் மட்டும் மிஞ்சும். சிவப்புக் கண்ணாடித்தாள் வழியாகப் பார்க்கச் சொல்லும் புத்தகங்கள் உண்டு. அந்த வழிக்குக் கிடைத்திருக்கும் புகழ் கொஞ்சம் அதிகம். சிவப்புத் தாள் வழியே பார்த்தால் சிவப்பும் ஆரஞ்சும் வெளிறிப் போய் ஏமாற்றும். நம்மூர்ப் புடவைத் துண்டுகளில் பாதி அந்தக் குடும்பம்தானே! இன்றைக்குக் கைபேசி இருக்கிறது. துண்டுகளை வரிசையாக அடுக்கி ஒரு படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். மாம்பழ மஞ்சள் கிட்டத்தட்ட வெள்ளையாகத் தெரியும். கத்தரிப்பூ ஊதா இருண்டு போகும். வெவ்வேறு என்று நினைத்த பச்சையும் சிவப்பும் ஒரே சாம்பலாக ஒட்டிக்கொண்டால், அவை இரண்டையும் பக்கத்தில் வைத்து வடிவம் எதிர்பார்ப்பது வீண் என்று புரிந்துவிடும்.

அப்படியானால் நிறத்துக்கு வேலையே இல்லையா? அங்கேதான் பாரிஸ் நகரத்து வேதியியலாளர் ஒருவர் வருகிறார். மிஷேல் யூஜேன் செவ்ரெல். 1824இல் கோப்லேன் திரைச்சீலை நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். வந்ததும் ஒரு புகார் காத்திருந்தது. நீலம், ஊதாத் துணிமடிப்புகளில் நிழல் காட்ட நெய்யும் கறுப்பு நூல் சாரமில்லாமல் இருக்கிறது, சாயம் சரியில்லை. செவ்ரெல் மற்ற சாயப்பட்டறைகளின் கறுப்பு நூல்களை வரவழைத்து ஒப்பிட்டார். சாயத்தில் ஒரு குறையும் இல்லை! பிறகு? பக்கத்தில் இருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பைக் கெடுத்துக்கொண்டிருந்தன. எந்த நிறமும் தன் எதிர்நிறத்தின் சாயலைப் பக்கத்து நிறத்தின் மேல் ஏற்றிக் காட்டுகிறது என்று அவர் விளக்கினார். வெளிர் நிறம் பக்கத்து அடர் நிறத்தை இன்னும் அடராகக் காட்டுகிறது என்றும் சொன்னார். 1839இல் அது பெரிய புத்தகமாக வந்தது. ஓவியர்கள் படித்தார்கள். அவர் 102 வயது வரை வாழ்ந்தார்.

வேதியியல் படித்தவர் சாயத்தொட்டியை விட்டுவிட்டு, பார்ப்பவரின் கண்ணைப் பார்க்கக் கற்றுக்கொண்டார். போர்வைக்கு இது எப்படிப் பொருந்தும்? ஒரு சாம்பல் துண்டைப் பச்சைகளுக்கு நடுவில் வையுங்கள்; அதில் லேசான செம்மை ஓடும். அதே துண்டைச் சிவப்புகளுக்கு நடுவில் வையுங்கள், பச்சை ஓடும். நடுத்தர நீலம் கருநீலத்தை ஒட்டி நின்றால் வெளிர். வெள்ளையை ஒட்டி நின்றால் அடர். ஆகவே, ஒரு துணியைத் தனியாகக் கையில் வைத்துக்கொண்டு “இது என் போர்வைக்குச் சேருமா?” என்று கேட்பதில் பொருளில்லை. எதற்குப் பக்கத்தில் என்று கேட்க வேண்டும்.

இந்தப் பக்கத்து நிற வித்தையில் உச்சம் தொட்டவர்கள் ஓவியக் கல்லூரிக்குப் போனவர்கள் அல்லர். பென்சில்வேனியா மாநிலத்தின் லேங்காஸ்டர் மாவட்டத்து ஆமிஷ் பெண்கள். பகட்டைத் தவிர்க்கும் கிறிஸ்தவ சமூகம். உடையில் பூப்போட்ட துணி கூடாது. பழைய ஆமிஷ் போர்வைகளிலும் பூப்போட்ட துணி இல்லை. ஒற்றை நிறத் துணிகள் மட்டும். கட்டுப்பாடு அவர்களை முடக்கிவிட்டதா? ‘வெயிலும் நிழலும்’ என்ற அவர்களுடைய போர்வையைப் பாருங்கள். எல்லாம் சிறு சதுரங்கள். நடுப்புள்ளியிலிருந்து வைர வளையங்களாக விரியும் நிறங்கள். வெளிர் ஊதா, ஊதா, கரும் ஊதா என்று இருண்டுகொண்டே போய், திடீரென்று ஒரு வெளிர் பச்சையில் எழுந்து, மறுபடி இருண்டு, மறுபடி எழும். வடிவமைப்பு என்று அங்கே வேறொன்றும் இல்லை. சதுரம், வரிசை, இவ்வளவுதான். எந்த நிறத்துக்குப் பிறகு எந்த நிறம் என்ற முடிவே முழுப் போர்வையும்.

1971இல் நியூயார்க் விட்னி அருங்காட்சியகம் அமெரிக்க ஒட்டுத்துணிப் போர்வைகளைக் கட்டிலிலிருந்து எடுத்து, ஓவியங்களைப்போல் சுவரில் தொங்கவிட்டது. ஜானதன் ஹோல்ஸ்டீன், கெயில் வான் டெர் ஹூஃப் என்ற இருவருடைய சேகரிப்பு அது. பார்த்தவர்கள் நவீன அருவ ஓவியத்தோடு ஒப்பிட்டு வியந்தார்கள். அந்த ஒப்பீடு நல்ல எண்ணத்தில் வந்ததுதான். ஆனாலும் அதில் ஓர் ஓரவஞ்சனை இருக்கிறது. ஓவியர்கள் வருவதற்கு முன்பே இந்தப் பெண்கள் அங்கே வந்து சேர்ந்துவிட்டார்கள் என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்?

இப்போது தெற்கே போவோம். அலபாமா மாநிலத்தின் வில்காக்ஸ் மாவட்டம். மூன்று பக்கமும் ஆறு வளைந்து ஓடும் ஒரு கிராமம், ஜீஸ் பெண்ட். பருத்தித் தோட்ட அடிமைகளின் வழிவந்த கறுப்பின மக்கள். வாங்கி வைத்துத் தேர்ந்தெடுக்க அவர்களிடம் துணி கிடையாது. கிழிந்த வேலை உடைதான் துணி. 1942இல் மிசூரி பெட்வே என்ற பெண், இறந்துபோன தன் கணவரின் வேலை உடைகளைப் பிரித்து ஒரு போர்வை தைத்தார். நீலமும் சாம்பலும் வெள்ளையும் வெளுத்த பழுப்புமாக நீண்ட பட்டைகள்.

இந்தக் கிராமத்து வேலை உடைப் போர்வைகளில் நிறம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். வயலில் வெயிலும் வியர்வையும் பட்டு நீலக் கால்சட்டை வெளுக்கிறது. முழங்கால் இன்னும் அதிகமாக வெளுக்கிறது. பிரித்து எடுத்த பாக்கெட்டின் அடியில் மட்டும் வெயில் படாத பழைய அடர் நீலம் பாக்கெட் வடிவத்திலேயே அப்படியே தங்கியிருக்கிறது. ஒரே துணி, ஒரே நீலம், அதற்குள் வெளிர், நடுத்தரம், அடர் மூன்றும்! அந்த அடர் பாக்கெட்டை மறைக்காமல் எங்கே நிறுத்துவது என்பதுதான் அங்கே நிற முடிவு.

1966இல் அந்தப் பகுதிப் பெண்கள் ‘ஃப்ரீடம் குவில்டிங் பீ’ என்ற கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினார்கள். 1972 முதல் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கார்டுராய் தலையணை உறைகள் தைத்துக் கொடுத்தார்கள். வெட்டியதுபோக மிஞ்சிய துண்டுகள் வீடு வீடாகப் போயின. பொன்மஞ்சள், அவகாடோப் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு. நிறத்தைத் தேர்ந்தெடுத்தது கம்பெனி; இடத்தைத் தேர்ந்தெடுத்தது கிராமம். கார்டுராய் துணிக்கு ஒரு குணம் உண்டு. அதன் மேலிருக்கும் மென்மயிர் மேல்நோக்கிப் படுத்தால் நிறம் அடர்ந்து தெரியும், கீழ்நோக்கிப் படுத்தால் வெளிறும். ஆகவே ஒரே சிவப்புத் துண்டை இரண்டாக வெட்டித் தலைகீழாக ஒட்டினால் இரண்டு சிவப்பு. இந்தப் போர்வைகள் 2002இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்துக்கும் அங்கிருந்து விட்னிக்கும் போயின; 2006இல் அமெரிக்க அஞ்சல்துறை பத்துத் தபால்தலைகள் வெளியிட்டது.

திருப்பி வைத்தால் நிறம் மாறுவது நமக்குப் புதிதா? காஞ்சிபுரத்து மயில்கழுத்துப் பட்டு எதனால் அப்படி மின்னுகிறது? பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். அதிலிருந்து இரண்டு துண்டுகள் வெட்டி, ஒன்றைக் கால்வட்டம் திருப்பிப் பக்கத்தில் தையுங்கள். ஒன்று நீலமாகவும் மற்றொன்று பச்சையாகவும் நிற்கும். பழைய பட்டுப் புடவையில் போர்வை தைக்க நினைப்பவர்கள் முதலில் செய்ய வேண்டிய சோதனை இது. தெரிந்து செய்தால் இலவசமாக ஒரு நிறம் கிடைக்கிறது. தெரியாமல் செய்தால் நடுவில் ஒரு துண்டு மட்டும் முறைத்துக்கொண்டு நிற்கும்.

பக்கத்து மாநிலத்திலேயே இன்னொரு முறை இருக்கிறது. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி மக்கள், ஆப்பிரிக்க மூதாதையரின் வழிவந்தவர்கள். அவர்களுடைய பெண்கள் தைக்கும் போர்வைக்குக் ‘கவந்தி’ என்று பெயர். அடித்துணியை விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, விளிம்போடு ஒட்டிக்கொண்டே ஓரத்தைச் சுற்றி வந்து, வட்டம் வட்டமாக உள்ளே போய் நடுவில் முடிக்கிறார்கள். முன்கூட்டி வரைந்த படம் எதுவும் இல்லை. அடுத்த துண்டு எது என்று தீர்மானிக்கும்போது கண்ணெதிரே இருப்பது சற்றுமுன் தைத்த துண்டு மட்டுமே. நான்கு மூலைகளிலும் மடித்த சிறு முக்கோணத் துண்டுகளை வைக்கிறார்கள். அதற்குப் பூ என்று பொருள்படும் பெயர். அது இல்லாவிட்டால் போர்வை அம்மணமாக இருப்பதாக அவர்கள் கருதுகிறார்கள். செவ்ரெல் புத்தகம் எழுதிச் சொன்ன பக்கத்து நிறக் கணக்கை அவர்கள் ஒவ்வொரு துண்டிலும் போட்டுக்கொண்டே போகிறார்கள்.

படம் வரைந்துகொண்டு செய்வது நல்லதா, வரையாமல் செய்வது நல்லதா? இரண்டு கட்சிக்கும் ஆள் இருக்கிறார்கள். ஒன்று மட்டும் உறுதி. காகிதத்தில் வண்ணப் பென்சிலால் தீட்டியது துணியில் அப்படியே வராது. பென்சிலில் பூப்போட்ட துணி கிடையாது! பெரிய பூப்போட்ட துணியை இரண்டு அங்குலச் சதுரமாக வெட்டினால் ஒரு துண்டில் முழுக்க இதழ், அடுத்ததில் முழுக்க இலை, மூன்றாவதில் வெறும் தரைநிறம். ஒரே துணி மூன்று நிறமாகப் பிரிந்துவிடும். வடிவம் கூர்மையாகத் தெரிய வேண்டிய இடத்தில் அதை வைத்தால் ஓரம் கலைந்து போகும். ஓரம் கலைய வேண்டும் என்று நினைக்கும் இடத்தில் அதைவிட நல்ல துணி இல்லை.

ஆகவே தைப்பதற்கு முன் பரப்பிப் பார்க்க வேண்டும். சுவரில் ஃபிளானல் துணி கட்டினால் பருத்தித் துண்டுகள் ஊசி குத்தாமலே அதில் ஒட்டிக்கொள்ளும். சுவர் இல்லாதவர்கள் தரையில் பரப்பிவிட்டு நாற்காலி மேல் ஏறி நின்று பார்க்கலாம். பிடித்துக்கொள்ள யாராவது பக்கத்தில் இருந்தால் நல்லது. தள்ளி நின்று பார்ப்பது முக்கியம். கையெட்டும் தூரத்தில் கண் பூவைப் பார்க்கும், நூலைப் பார்க்கும். பத்தடி தள்ளினால்தான் வடிவத்தைப் பார்க்கும். குழல்விளக்கில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு நீலங்கள் பகலில் பிரிந்து நிற்பதும் உண்டு. ஜவுளிக்கடையில் புடவையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்கும் நம் பெண்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

மஞ்சளைப் பற்றி ஒரு வார்த்தை. கொஞ்சம் போதும். குழம்பில் பெருங்காயம்போல, நான்கைந்து துண்டுகள் இருந்தாலே போர்வை முழுக்க அதன் ஆட்சி தெரியும். அந்த நான்கைந்தையும் ஒரே மூலையில் குவித்தால் கண் அங்கேயே குடியிருக்கும். சிதறி வைத்தால் கண் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிப் போர்வை முழுக்கச் சுற்றிவரும்.

இனி, முடிவெடுத்தவர் கையில் இல்லாத ஒன்றைப் பற்றியும் பேச வேண்டும். சாயம். இங்கிலாந்தின் கம்பிரியாவில் லெவன்ஸ் ஹால் என்ற மாளிகையில் 1708ஆம் ஆண்டையொட்டித் தைத்த ஒட்டுத்துணி வேலைப்பாடு இருக்கிறது. அந்நாட்டில் எஞ்சியிருக்கும் மிகப் பழையவற்றுள் ஒன்று. அதிலிருக்கும் துண்டுகள் இந்தியாவிலிருந்து கப்பலேறிய சீட்டித்துணிகள். அக்காலத்தில் ஐரோப்பாவே இந்தியச் சீட்டிக்கு மயங்கிக் கிடந்தது; துவைத்தாலும் நிறம் போகாது என்பது முக்கியமான காரணம். சோழமண்டலக் கரைச் சீட்டியின் சிவப்பு சாயவேரிலிருந்து வந்தது. உள்ளூர் நெசவாளர்கள் கொதித்தெழ, பிரான்ஸ் 1686இலும், பிரிட்டன் 1701இலிருந்து படிப்படியாகவும் இந்தியச் சீட்டிக்குத் தடை போட்டன.

எல்லாச் சாயமும் அப்படி உண்மையாக இருந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் வெள்ளைத் துணிமேல் சிவப்புப் பூவும் பச்சை இலையும் வைத்துத் தைக்கும் மோகம் பரவியது. சிவப்பு ‘துருக்கிச் சிவப்பு’, அசையாது. நூற்றாண்டின் பிற்பகுதியில் செயற்கைச் சாயப் பச்சை வந்ததும் கதை மாறியது. பல போர்வைகளில் இன்று சிவப்புப் பூ அப்படியே சுடர்விடுகிறது. இலை காக்கியாக வெளுத்துக் கிடக்கிறது. தைத்தவர் சிவப்புக்கு எதிரே பச்சையைத்தான் நிறுத்தினார். நாம் பார்ப்பது சிவப்புக்கு எதிரே மண்நிறம். இரும்பு சேர்த்துக் காய்ச்சிய பழைய கறுப்பும் கரும்பழுப்பும் இன்னும் மோசம்; நிறம் போவதற்குள் துணியே உளுத்து உதிர்ந்துவிடுகிறது. 1884இல் வந்த காங்கோ சிவப்பு கழுவினாலே ஒழுகும்.

இதனால்தான் அனுபவப்பட்டவர்கள் அடர் சிவப்பு, கருநீலம், கறுப்பு இவற்றை வெள்ளைக்குப் பக்கத்தில் வைப்பதற்கு முன் சோதிக்கிறார்கள். ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்ப்பார்கள். வெள்ளையில் சாயம் ஏறினால் அந்தத் துணியைத் தனியாக அலசி, மறுபடி தேய்த்துப் பார்ப்பார்கள். அப்போதும் விட்டால், அதை வெள்ளையிடமிருந்து விலக்கித் தன்னைப்போன்ற அடர் நிறங்களுக்கு நடுவில் வைப்பார்கள், அல்லது அந்தப் போர்வைக்கே அது வேண்டாம் என்று ஒதுக்குவார்கள்.

கடைசியாக விளிம்புப் பட்டை. போர்வையின் நான்கு ஓரத்தையும் சுற்றி மடித்துத் தைக்கும் அந்தக் குறுகிய பட்டையின் நிறத்தைப் பலர் தொடக்கத்திலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம். மேல்துணி முழுக்கத் தைத்து முடியட்டும். பிறகு மூன்று நான்கு துணிகளை ஓரத்தில் செருகிப் பாருங்கள். அடர் நிறம் சட்டம் போட்டதுபோல் படத்தை உள்ளே நிறுத்தும். ஓரத்துத் துண்டுகளின் நிறத்திலேயே பட்டையும் இருந்தால் போர்வை எங்கே முடிகிறது என்பது தெரியாமல் வடிவம் வெளியே ஓடும். கோடு போட்ட துணியைச் சாய்வாக வெட்டி வைத்தால் ஓரம் முழுக்கக் கயிறு திரித்ததுபோல் சுற்றிவரும். துண்டுகள் கொண்டுவந்திருப்பவர்கள் முன்னால் இருக்கும் மேசைக்கு வாருங்கள், பரப்பிப் பார்ப்போம்.